பிழை, அவிழும்

இங்கே எழுதியிருப்பவை நான் நேரிற் கண்டவை. நேரிற் காணாதவை மிகச் சில. அவற்றையும் கண்டவர் இருவரிடம் தனித்தனியே கேட்டு ஒப்பிட்ட பின்னரே சேர்த்திருக்கிறேன். இவ்வளவு எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கையில், மேல்மாடியில் இருந்த அம்மையார் ஒருவரைப் பற்றி ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒரு கதை இருந்தது. பொறாமை என்றார்கள். ஊர்க் காணித் தகராறு என்றார்கள். இளமையில் அவரும் அவருடைய சிநேகிதி ஒருத்தியும் விரும்பிய ஒருவர் இருந்தார் என்று, அவருடைய ஊரையும் உத்தியோகத்தையுங்கூடச் சொன்னார்கள். ஒவ்வொருவரிடமும் "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கேட்ட இடத்தில் கதை நின்றுவிட்டது.

அம்மையாரின் பெயரை எழுதவில்லை. பெயருக்கு முன் நின்ற முதலெழுத்துகள் இரண்டா மூன்றா என்பதில் இன்று எனக்கு உறுதியில்லை. பிழையாக எழுதப்பட்ட பெயரைவிட எழுதப்படாத பெயரையே அவர் விரும்பியிருப்பார். கீழ்வாசலில் மாட்டுவதற்கு எழுதுவித்த பெயர்ப்பலகையை, ஒரு புள்ளி இடம் மாறியதற்காகவும் பின்னர் அந்தப் புள்ளி பெருத்துப்போனதற்காகவும், நான்கு முறை திருப்பி அனுப்பியவர் அவர். ஐந்தாம் முறை அதைச் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறி வந்த மனிதர், வாசலில் சாத்தி வைத்துவிட்டு இறங்கினார். "இப்ப சரி" என்று அம்மையார் அவருடைய முதுகுக்குச் சொன்னது, ஒரு மாடி கீழே குடியிருந்த எனக்குக் கேட்டது.

நாங்கள் அவரை 'மிஸ்' என்று அழைத்தோம். யாழ்ப்பாணத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் கணிதம் கற்பித்தவர். பழகிய புதிதில் ஒருமுறை "அக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

"உம்மட தகப்பனாரின்ர பேர் என்ன?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அப்ப நான் உமக்கு அக்கா இல்லை."

அவர் வந்த காலத்தில் வடக்குப் பாதை மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. எங்கள் ஒழுங்கையிற் குடியேறியவர் பலரும் பாதி திறந்த பெட்டிகளுடனேயே காலந்தள்ளினர். எங்கே இருக்கிறீர்கள் என்று எவரேனும் கேட்டால், "வெள்ளவத்தையில நிக்கிறம்" என்பதே எல்லாருடைய மறுமொழியும். ஐந்து வருடம், எட்டு வருடம் அப்படி 'நின்றவர்கள்' உண்டு. மிஸ்ஸுக்கு அந்தச் சொல் ஆகாது.

"என்ன, பஸ்ஸுக்கோ நிக்கிறியள்? சமைச்சுச் சாப்பிட்டு, பிள்ளையளைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டு, நிக்கிறமாம். இருக்கிறம் எண்டு சொல்லுங்கோ."

அவர் இருந்தார். வந்த மூன்றாம் நாளே பெட்டிகள் வெறுமையாகி, அவற்றைக் கட்டிய கயிறு தனியே சுற்றப்பட்டு, எல்லாம் அலுமாரியின் மேல் ஏறிவிட்டன. கடற்பக்க யன்னல்களுக்கு அவரே நூலாற் பின்னிய ரேந்தை ஓரம் வைத்த திரைச்சீலைகள் வந்தன. சிங்களம் கற்பதற்கு முதலாம் வகுப்புப் பாடநூலிலிருந்து தொடங்கி, ஒரு வருடத்தில் ஆறாம் வகுப்பு நூலை முடித்தார். தெருவிற் புழங்கும் சிங்களத்தை அவர் தொடவில்லை. மரக்கறிக் கடையிலும் பாடநூலில் உள்ளபடி, எழுவாய்க்கு ஏற்ற பயனிலை வைத்தே பேசுவார். கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். தமிழில் மறுமொழி சொல்வார். மிஸ் அடுத்த வாக்கியத்தையும் சிங்களத்திலேயே முடிப்பார்.

நான் அப்போது அரசாங்கத் திணைக்களம் ஒன்றிற் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவளாக வேலை செய்தேன். என்னுடைய தொழிலே பிழை பார்ப்பது. ஆகையால் ஒழுங்கையில் மற்றவர்கள் அவருக்கு அஞ்சியபோது, நான் அவரிடம் ஒட்டிக்கொண்டேன். இதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமைப் பிற்பகல்களில் அவருடைய வீட்டில் ரேந்தை பின்னக் கூடுவோம். ரேந்தை பின்னுவது என்றால், நுனி வளைந்த சிறு கொக்கி ஊசியால் வெள்ளை நூலை வளையம் வளையமாக இழுத்து ஒன்றினுள் ஒன்றைக் கோத்துப் போவது. ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. வெள்ளவத்தைக் கடற்காற்றில் உருக்கு ஊசி இரண்டு நாளில் துருப்பிடித்து நூலில் மஞ்சட்கறை விடும். மிஸ் தம் ஊசிகளைக் குழந்தைப் பவுடர் தூவிய தகரப்பெட்டியில் வைத்திருப்பார். கரையோர ரயில் போகும்போது தரை அதிர்ந்து எங்கள் எண்ணிக்கை தவறும். அவருடையது தவறாது. பின்னியதை வாங்கி, நகத்தால் ஒவ்வொரு கண்ணியாகத் தொட்டு எண்ணுவார். பிழை கண்டால் இரண்டு சொல் சொல்வார்: "பிழை. அவிழும்." நாங்கள் தயங்கினால் நூல்நுனியைப் பிடித்துத் தாமே இழுத்துவிடுவார்.

பிலோமினா கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். கணவன் துறைமுகத்தில் வேலை. தன் மாதா கோயில் திருநாளுக்குப் பீடத்துணியின் ஓரத்துக்கென்று நான்கு மாதமாக ஒரு ரேந்தை பின்னினாள். திருநாளுக்கு ஒன்பது நாள் இருக்கையில் முடித்துக்கொண்டு, ஒரு டப்பா லட்டுடன் வந்தாள். மிஸ் எண்ணினார். தொடக்கத்திலிருந்து இரண்டாம் பூவில் ஒரு கண்ணி குறைந்திருந்தது.

"பிழை. அவிழும்."

"என்ன மிஸ் நீங்க! அது மடிப்புக்குள்ள போயிரும். யாரு பாக்கப் போறா? மாதா எண்ணவா போறாங்க?"

"மாதா எண்ணாமல் விடலாம். நான் எண்ணிப்போட்டன்."

பிலோமினா சிரித்தாள், அவர் விளையாடுகிறார் என்று நினைத்து. அவர் நுனியைப் பிடித்து இழுத்தார். நான்கு மாத வேலை, எங்கள் கண்முன்னே, ஒரு சீரான கரகர ஒலியுடன் நூலாயிற்று. பின்னிய வேலை அவிழ்வதற்கு எவ்வளவு சிறிய நேரம் வேண்டும் என்பதை அன்றுதான் கண்டேன். பிலோமினா லட்டு டப்பாவை மூடினாள். பிறகு திறந்து எல்லாருக்கும் கொடுத்தாள். அந்தத் திருநாளுக்குப் பீடம் ரேந்தையில்லாமல் இருந்தது. அடுத்த சனிக்கிழமையும் அவள் வந்தாள். ஏன் வந்தாய் என்று பின்னொரு நாள் கேட்டேன். "அவங்க சரியாத்தானே சொன்னாங்க" என்றாள்.

சரியாகத்தான் சொன்னார். அவருடைய கொடுமைகள் எல்லாம் சரியானவை.

எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணின் மகன் வடக்கில் இறந்துபோனான். சடலம் வரவில்லை, படம் மட்டும் மேசையில் இருந்தது. துக்கம் கேட்க மிஸ்ஸும் நானும் போனோம். தாய் படத்தைப் பார்த்து, "இருவது வயசு, இருவது வயசில என்ர பிள்ளை" என்று அரற்றினாள்.

"பத்தொன்பது" என்றார் மிஸ்.

தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"மார்கழியிற் பிறந்தவன் எண்டு படத்துக்குக் கீழ போட்டிருக்கு. இருபது நடக்குது. முடிஞ்சது பத்தொன்பது."

தாய் விரல் மடித்து எண்ணிப் பார்த்தாள். "ஓம் மிஸ். பத்தொன்பதுதான்" என்றாள். அதன் பின் அவள் அழுத அழுகை முன்னையதைப் போன்றதன்று.

படியில் ஏறும்போது, "இதைச் சொல்லத்தான் வேணுமே மிஸ்?" என்று கேட்டேன்.

"அவன் இருந்து முடிக்காத ஒரு வருசத்தை அவனுக்கு ஏன் எழுதுவான்?"



அவரால் நான் பெற்ற நன்மையையும் சொல்லிவிட வேண்டும். காய்ச்சலுடன் படுக்கையிற் கிடந்து ஒரு நீண்ட சுற்றறிக்கையை மொழிபெயர்த்து முடித்திருந்தேன். மிஸ் கஞ்சி கொண்டுவந்தவர், மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் இரு கையிலும் எடுத்தார். அப்போது அவருக்குச் சிங்களம் நான்காம் வகுப்பளவுதான். வாசிக்கவில்லை, எண்ணினார். "அதில பதினாலு பந்தி இருக்கு. உம்மடதில பதின்மூண்டு. ஒண்டு விழுந்திட்டுது" என்றார். விழுந்த பந்தி, விதவைகளின் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிப்பது பற்றியது. அது அப்படியே அச்சேறியிருந்தால் என் வேலை போயிருக்கும். எத்தனையோ பெண்களுக்கு அந்த உதவியும் போயிருக்கும். எண்ணுகிறவர் ஒருவர் அருகில் இருப்பது காவல் என்று அன்று முதல் நம்பினேன்.

சிநேகிதங்களையும் அவர் எண்ணித்தான் வைத்திருந்தார். கல்லூரியில் ஒன்றாகப் படித்த பன்னிருவர் ஊரிலும் வெளிநாடுகளிலுமாகச் சிதறியிருந்தனர். புது வீட்டுக் கட்டிலுக்கு ஒரு விரிப்பு வேண்டும் என்று, ஒவ்வொருவருக்கும் மாதிரிச் சதுரம் ஒன்றும் நூலும் அனுப்பி, ஆளுக்குப் பன்னிரண்டு சதுரம் பின்னி அனுப்புமாறு எழுதினார். சதுரத்தின் கடைசிச் சுற்றில் நூற்றிருபது கண்ணி இருக்க வேண்டும். பிழையான சதுரம் கடல் கடந்து திரும்பிப் போகும். மூன்றாம் முறை திருப்பப்பட்டதும் மெல்பேணில் இருந்தவர், "உன் விரிப்பில் நான் படுக்கப்போவதில்லை, எனக்கு வேலை இருக்கிறது" என்று எழுதினார். மிஸ் அக்கடிதத்தை எங்களுக்கு உரத்து வாசித்தார். வாசித்துக்கொண்டே, அதில் இருந்த ஓர் ஒற்றுப்பிழையைப் பென்சிலால் திருத்தினார். மெல்பேணிலிருந்து பின்னர் கடிதம் வரவில்லை. அந்தப் பன்னிரண்டையும் அவர் தாமே பின்னிக்கொண்டார்.

பதினொருவரின் பங்கு நிறைந்துவிட்டது. செல்வமலரின் பங்கு மட்டும் நிறையவில்லை.

செல்வமலர் ஊரிலேயே இருந்தவர். அவர் பின்னிய சதுரங்கள், கப்பலில் வருவோர் போவோர் கையில் இரண்டு முறை வந்து இரண்டு முறை திரும்பிப் போயிருந்தன. ஒவ்வொன்றிலும் நூற்றிருபத்தொரு கண்ணி. எப்போதும் ஒன்று கூட. மூன்றாம் முறை சதுரங்களுடன் அவரே வந்து சேர்ந்தார்: திருகோணமலை வரை கப்பல், அங்கிருந்து பஸ். கனடாவில் இருந்த மகளுக்கு முதற்பிரசவம். அதற்குப் போய்ச் சேருவதற்கான விசா நேர்முகத்தேர்வு மூன்று வாரத்தில் இருந்தது. அதுவரை மிஸ்ஸின் வீட்டில் தங்க வேண்டும்.

அது ஒரு சனிக்கிழமை. படியில் ஏறும்போதே அவருடைய குரல் எங்கள் மாடியைக் கடந்து போயிற்று.

"எடியேய் அக்கா! மூண்டு மாடி ஏத்தியே என்னைக் கொல்லப் பாக்கிறாய்?"

நான் திகைத்துப்போய்க் கதவைத் திறந்தேன். மிஸ்ஸை 'அக்கா' என்றும் 'எடி' என்றும் ஒரே மூச்சிற் கூப்பிடத் துணிந்தவர் எப்படி இருப்பார் என்று பார்க்க வேண்டியிருந்தது. பருத்த உடம்பு, வியர்த்த முகம், கையில் ஒரு பனையோலைப் பெட்டி, சிரிப்பு.

பிற்பகல் நாங்கள் கூடியபோது சிரிப்பு தொடர்ந்தது.

"நான் உனக்கு அக்கா இல்லையெண்டு எத்தினை தரமடி சொல்லுறது?" என்றார் மிஸ்.

"மூண்டு மாசம் மூப்பெல்லோ நீ!"

"ஒரு வயித்தில மூண்டு மாசத்துக்கு ஒருக்காப் பிள்ளை பிறக்காது."

"நீ கணக்கைப் பார். நான் முறையைச் சொல்லுறன். என்ன பிலோமினா?"

பிலோமினா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மிஸ்ஸும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் கண்டது அந்த ஒரு பிற்பகல்தான். சதுரங்களை எண்ணும்போதும் அந்தச் சிரிப்பின் மிச்சம் முகத்தில் இருந்தது. "நூற்றிருபத்தொண்டு. அவிழடி" என்றார்.

"ஒரு கண்ணி கூடினா என்ன? உனக்குக் காலை நீட்டிப் படுக்க இடம் வரும்" என்று சொல்லிக்கொண்டே செல்வமலர் ஒவ்வொன்றின் கடைசிச் சுற்றையும் அவிழ்த்தார்.

வடக்கிலிருந்து வந்து தங்குபவரை உடனே பொலிசிற் பதிய வேண்டும் என்பது அக்கால விதி. படிவம் சிங்களத்தில். அதை நிரப்புவது என் வேலையாயிற்று. 'வீட்டுத் தலைவருக்கு உறவுமுறை' என்ற கட்டத்தில் வந்து நின்றேன்.

"சிநேகிதி" என்றார் மிஸ்.

பிலோமினா ஊசியைக் கீழே வைத்தாள். "வேணாம் மிஸ். சிஸ்டர்னு போடுங்க. எங்க பக்கத்துல எல்லாரும் அப்பிடித்தான் போடுறது. ஃப்ரெண்டுன்னு போட்டா, என்ன ஃப்ரெண்டு, ஏன் வந்தது, யாரு அனுப்பினதுன்னு தோண்டுவாங்க. போன மாசம் எங்க ஒழுங்கையில ஒருத்தர உள்ள வச்சிட்டாங்க."

"பிழையை எழுதி நான் ஒப்பம் வைக்கமாட்டன்."

"அவங்களுக்காக மிஸ். மகளுக்குப் பிள்ள கிடைக்கப் போவுது."

"பிள்ளைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

செல்வமலர் ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். "ஏதாவது போடுங்கோவன். நான் அக்கா எண்டுதானே கூப்பிடுறனான்."

நான் ஓர் இணக்கம் கண்டேன். கட்டத்தை வெறுமையாக விடுவோம். கேட்டால் வாயாற் சொல்லிக்கொள்வோம் என்றேன். மிஸ் யோசித்தார். "எழுதாதது பிழையில்லை" என்று ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அரைநாள் விடுப்பெடுத்துக்கொண்டு அவர்களுடன் போனேன். புறப்படும்போது செல்வமலர் பன்னிரண்டாம் சதுரத்தின் கடைசிச் சுற்றில் இருந்தார். ஊசியை அதிலேயே குத்தி நாற்காலியில் வைத்துவிட்டு, "வந்து முடிக்கிறன்" என்றார்.

எந்தப் பொலிஸ் நிலையம் என்பதை எழுதவில்லை. மேசையில் இருந்த அதிகாரி ஒரு கண்ணாடிக் குவளையில் வெறுந்தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கடுமையானவராகத் தோன்றவில்லை, களைத்திருந்தார். எங்களுக்குப் பின்னால் நீண்ட வரிசை. இரண்டு அடையாள அட்டைகளையும் வாங்கி, பாராமலே படிவத்தின் மேல் வைத்தார். வெறுங்கட்டத்தைக் கண்டதும் பேனாவின் பின்புறத்தால் மிஸ்ஸைச் சுட்டி, செல்வமலரிடம் கேட்டார்: "மே அக்காத?"

இவர் அக்காவா என்பது கேள்வி. அக்கா என்பது எங்கள் இரு மொழிக்கும் பொதுவான சொல். சிங்களத்திலும் வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அப்படி அழைக்கலாம், தமிழிலும் அழைக்கலாம். அந்த மேசையில் மொழிபெயர்ப்பவள் ஒருத்தி தேவைப்படாத ஒரே சொல் அதுதான். சிங்களம் ஓரெழுத்தும் அறியாத செல்வமலருக்கு அது விளங்கிற்று. விளங்கிய மகிழ்ச்சியில் முகம் மலர்ந்து, "ஓம், ஓம், அக்கா, அக்கா" என்றார்.

"ஹரி. அக்கா" என்று சொல்லி அதிகாரி பேனாவைக் கட்டத்தில் வைத்தார். முதலெழுத்தைத் தொடங்கியும் விட்டார். அதை நான் பார்த்தேன்.

அப்போது மிஸ், ஆறாம் வகுப்புச் சிங்களத்தில், தெளிவாகச் சொன்னார்: "மம எயகே அக்கா நொவெமி."

நான் இவருடைய அக்கா அல்லேன். தன்மை ஒருமைக்குரிய விகுதி சிறிதும் வழுவாத வாக்கியம். அப்படிச் சிங்களத்தில் எழுதுவார்கள்; எவரும் பேசமாட்டார்கள். அதிகாரி முதலிற் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரைத் திரும்பிப் பார்த்து அந்த 'நொவெமி'யைச் சொல்லிக் காட்டினார். அவரும் சிரித்தார். பிறகு பொருள் விளங்கியது. சிரிப்பு நின்றது. செல்வமலரைப் பார்த்து, "எஹெனங் பொரு கிவ்வே எய்?" என்றார். அப்படியானால் பொய் சொன்னது ஏன்?

செல்வமலரின் முகத்திற் சிரிப்பு இன்னும் இருந்தது. "என்னடி சொல்லுறான்? அக்கா எண்டு சொன்னனான்தானே?"

"நீ பிழையாச் சொன்னனீ. நான் திருத்தினனான்" என்றார் மிஸ்.

இந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் பேசியிருக்கலாம். 'எங்கள் வழக்கிலும் உங்கள் வழக்கைப் போலவே மூத்தவரை அக்கா என்போம். அவர் பொய் சொல்லவில்லை' என்ற வாக்கியம். அதற்கான சிங்களம் என் நாவில் இருந்தது. நான் அரசாங்க உத்தியோகத்தி. என் அடையாள அட்டையும் கைப்பையில் இருந்தது. வாய் திறக்கவில்லை. அஞ்சினேன் என்பது உண்மை. அத்துடன், மிஸ்ஸின் வாக்கியத்திற் பிழை ஒன்றும் இல்லை என்று என் மனத்தின் ஒரு பகுதி ஒப்புக்கொண்டிருந்தது என்பதும் உண்மை.

ஓர் அட்டை மிஸ்ஸிடம் திரும்பிற்று. மற்றது இழுப்பறைக்குள் போயிற்று. செல்வமலரைச் சுவரோர மரவாங்கில் இருத்தினார்கள். விசாரித்துவிட்டு அனுப்புவோம், நீங்கள் போகலாம் என்றார்கள். நாங்கள் திரும்பியபோது அவர் கையை அசைத்தார், பஸ் ஏற்றிவிட வந்தவர்களுக்கு அசைப்பதுபோல.

காலி வீதியில் நடந்து வரும்போது கேட்டேன். "ஏன் மிஸ்?"

"அட்டை ரெண்டும் அவன்ர கையில. இலக்கத்தின்ர முதல் ரெண்டும் பிறந்த வருசம். அடுத்த மூண்டும் எத்தினையாம் நாள் எண்டு. பொம்பிளையளுக்கு ஐந்நூறு கூட்டியிருக்கும். ஒரே வருசம், தொண்ணூறு நாள் வித்தியாசம். அக்கா தங்கச்சி எண்டு எழுதினாப்பிறகு அவன் கழிச்சுப் பாத்திருந்தா?"

"அவன் பாக்கேல்லை மிஸ்."

"பாத்திருந்தா ரெண்டு பேரையும் வைச்சிருப்பான்."

 'ரெண்டு பேரையும்' என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் ஏறினேன்.

அன்றும் மறுநாளும் போய் விசாரித்தோம்; பொறுக்கச் சொன்னார்கள். வியாழக்கிழமை பிலோமினாவும் வந்தாள். வேறோர் அதிகாரி இருந்தார். நேற்றுக் காலை பத்து மணிக்கு விட்டுவிட்டோமே என்றார். வீட்டுக்கு வரவில்லை என்றேன். அவர் புத்தகத்தைத் திருப்பி, ஒரு வரியில் விரல் வைத்தார். மிஸ் முன்னே குனிந்து பார்த்தார். நான் இரண்டடி பின்னால் நின்றேன். ஒப்பம் ஒன்று இருந்தது தெரிந்தது, யாருடையது என்பது தெரியவில்லை. மிஸ் நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து "சரி" என்றார்.

வெளியே வந்ததும் பிலோமினா அவருடைய கையைப் பிடித்தாள். "மிஸ், அது அவங்க போட்ட கையெழுத்தா?"

"பதிவு இருக்கு."

"அதக் கேக்கல. அவங்கடதா?"

"பதிவு இருக்கெண்டு சொன்னனான்."

விட்டிருந்தால் செல்வமலர் எங்கே போனார்? கொழும்பில் அவருக்கு வேறு வீடு தெரியாது. பெட்டி இங்கே, பிரயாணப் பத்திரங்கள் இங்கே. கோபித்துக்கொண்டு வேறெங்காவது போயிருப்பாள் என்பது மிஸ்ஸின் கூற்று. ஊருக்குப் போனவர்களிடம் விசாரித்தோம். அங்கும் வரவில்லை. நேர்முகத்தேர்வு நாள் வந்து போயிற்று. கனடாவிலிருந்து மகள் தொலைபேசியில் அழைத்தபோது நான் அருகில் இருந்தேன். "பதிவின்படி உம்மட அம்மா புதன்கிழமை பத்து மணிக்கு வெளியில வந்திட்டா" என்றார் மிஸ். மறுமுனையில் அழுகை எனக்கே கேட்டது. பிள்ளை பிறந்த செய்தியும் அதே தொலைபேசியில் வந்தது. "நிறை எவ்வளவு?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்த அந்த வாரத்துச் சனிக்கிழமை, வழக்கம்போற் கூடினோம். கூட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாற்காலியில் அந்தப் பன்னிரண்டாம் சதுரம், குத்திய ஊசியுடன், திங்கட்கிழமை இருந்தபடியே இருந்தது. பிலோமினா அதன் பக்கம் பாராமல் இருந்தாள். ஊசி ஐந்து நாட் கடற்காற்றில் துருப்பிடித்து, நூலில் ஒரு மஞ்சட்புள்ளி விழுந்திருந்தது. நான் அதை எடுத்து என் மடியில் வைத்திருந்தேன். எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று சொல்ல முடியாது. ரயில் ஒன்று வந்து போயிற்று.

மிஸ் கை நீட்டினார். கொடுத்தேன். ஊசியை உருவினார். யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து ஒருமுறை பார்த்தார்.

"பிழை" என்றார்.

"மிஸ், வேணாம்" என்று பிலோமினா எழுந்தாள். "அத விட்டுடுங்க. அது ஒண்ணயாவது."

அவர் நுனியைப் பிடித்து இழுத்தார். கடைசிச் சுற்று, அதன் உட்சுற்று, நடுப்பூ, எல்லாம் அதே ஒலியுடன் அவிழ்ந்தன. நூலை உருண்டையாகச் சுற்றினார். மஞ்சட்புள்ளி விழுந்த ஒரு சாண் நூலை மட்டும் வெட்டி எறிந்தார்.

பிலோமினா தன் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கே நின்று, "நாலு மாசம் செஞ்ச என்ட ரேந்தைய அவுத்தப்ப நா அழுதேன் மிஸ். நீங்க சரின்னு நெனச்சேன்" என்றாள். பிறகு அவள் வரவில்லை. நான் மேலும் ஆறு மாதம் போனேன். மிஸ் அந்த நூலாலேயே நூற்றிருபது கண்ணிச் சதுரம் ஒன்று பின்னி, அதன் இடத்திற் பொருத்தினார். விரிப்பு முடிந்தது. அழகாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. பின்னர் அவர் வீட்டை ஒழித்து, வெளிநாட்டில் இருந்த சகோதரனிடம் போனார். போகும்போது பெயர்ப்பலகையைக் கழற்றிச் சுவரின் ஆணித் துவாரங்களை அடைத்துவிட்டுப் போனார்.

தெரியாதவை இவை. செல்வமலர் அந்த வாயிலால் வெளியே வந்தாரா என்பது தெரியாது. புத்தகத்தில் இருந்த ஒப்பம் எவருடையது என்பது தெரியாது, பார்த்தவர் சொல்லவில்லை. அதிகாரி அட்டை இலக்கங்களைக் கழித்துப் பார்த்திருப்பாரா என்பது தெரியாது. மிஸ் அந்த வாக்கியத்தைப் பிழை பொறுக்காமற் சொன்னாரா, தம்மைக் காத்துக்கொள்ளச் சொன்னாரா என்பது தெரியாது. அவர் இப்போது உயிருடன் இருக்கிறாரா என்பதும் தெரியாது.

அந்தப் பன்னிரண்டாம் சதுரத்திற் பிழை இருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது. அது என் மடியில் இருந்தது. நேரமும் இருந்தது. நான் எண்ணவில்லை.